குலுங்காத வீடு

ஆர்லிஸின் அக்கா ஐடெல்லாவுக்கு நுரையீரலில் வந்த கட்டி எலும்பு வரைக்கும் போய்விட்டது என்று மாண்டானாவிலிருந்து போன் வந்தது. அன்று மாலையே வெர்லின் ஸ்டொக்கி தன் வீட்டுக்கு அடியில் புகுந்தார். மூன்று நாள் பயணம் இழுத்துக்கொண்டு போகவேண்டிய வீடு. அடிப்பக்கத்தை ஒரு தடவை பார்க்காமல் அவர் எங்கும் கிளம்பியதில்லை.

வீடு என்றால் சக்கரம் வைத்த வீடு. பிக்கப் வண்டியின் முதுகில் மூக்கை ஏற்றிக்கொண்டு பின்னால் உருண்டு வரும் நீளமான டிரெய்லர். வடக்கு டகோட்டாவில் இருந்த மர வீட்டை விற்றுவிட்டு அவரும் ஆர்லிஸும் இதில் குடியேறிச் சில வருஷங்கள் ஆகின்றன. குளிர்காலம் முழுக்க அரிசோனாவில், பென்சன் ஊருக்கு வெளியே இருக்கிற டிரெய்லர் பூங்காவில் இருப்பார்கள். வெயில் ஏற ஏற மற்றவர்களைப் போல இவர்களும் வடக்கே நகர்வார்கள்.

அடியில் வெளிச்சம் போதவில்லை.

"ஆர்லிஸ், அந்த டார்ச்ச இப்படிக் குடு."

ஆர்லிஸ் குனிந்து நீட்டினாள். அவள் கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. "என்ன, ஏதாவது இருக்கா?"

இருந்தது. பட்டை ஸ்பிரிங்கின் காதுகளில், போல்ட் இரும்போடு உராயாமலிருக்க வைத்திருந்த பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து காணாமலே போயிருந்தது. இரும்பு இரும்பைத் தின்று, வட்டமாக இருக்கவேண்டிய துளை முட்டை மாதிரி இழுபட்டிருந்தது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது அது பிய்ந்தால் அச்சு பின்னால் போய்விடும், வீடு குப்புறக் கவிழும்.

"நல்லவேளை பாத்தேன்" என்றார் வெர்லின். உண்மையிலேயே நல்லவேளைதான். பின்னாளில் அவர் தன்னைத் தானே எத்தனையோ கேள்வி கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த முதல் நாள் வேலையில் மட்டும் குறை காண அவரால் முடிந்ததில்லை.

வீட்டை ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் முட்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார். பிளாஸ்டிக்குக்குப் பதிலாக வெண்கலப் புஷ், உள்ளே கிரீஸ் அடிக்க வசதியுள்ள போல்ட், பழையதைவிட இரண்டு மடங்கு தடிமனில் இணைப்புத் தகடுகள். எல்லாவற்றுக்கும் ஆர்டர் போட்டார். பார்சல் வருவதற்குள் ஐடெல்லாவோடு பேசி ஒரு வாக்கும் கொடுத்துவிட்டார்.

அந்த வாக்குக்கு ஒரு காரணம் உண்டு. ஐடெல்லாவின் பண்ணை வீட்டுக்குத் தார் ரோட்டை விட்டு இறங்கி வெகுதூரம் சரளை ரோட்டில் போகவேண்டும். அது துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாகக் கிடக்கும். மழை பெய்தால் சக்கரம் பதியும். வெர்லின் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கிரேடர் ஓட்டி இப்படிப்பட்ட ரோடுகளைச் சமன் செய்தவர். அது வண்டியை என்ன பாடு படுத்தும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் வீட்டை ஊருக்குள் ஒரு பூங்காவில் நிறுத்திவிட்டு, பிக்கப்பில் மட்டும் பண்ணைக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்புவார்கள். ஒவ்வொரு தடவையும் ஐடெல்லா வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள்: "எங்கடா உங்க அரண்மனை? என் வாசலுக்கு வந்தா அதுக்குக் கால் வலிக்குமா?"

அவளுக்கு ஒரே ஆசைதான். தங்கையின் வீடு தன் முற்றத்தில் நிற்கவேண்டும். பின்பக்கத்துப் பெரிய ஜன்னல் கோதுமை வயலைப் பார்த்து இருக்கவேண்டும். அதன் ஓரம் இருக்கிற சோபாவை விரித்து, அதில் படுத்துக்கொண்டு ஆர்லிஸோடு சின்ன வயசுக் கதை பேசவேண்டும்.

"இந்தத் தடவை வாசல் வரைக்கும் கொண்டாறேன் ஐடெல்லா" என்றார் வெர்லின். "புதுசா எல்லாம் மாத்திட்டுத்தான் வரேன். ஒரு கப்புகூட ஆடாது."

"ஏய், வந்து நிக்கிறப்ப நம்பறேன்." அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "ரோட்டத்தான் இப்ப நல்லா ஆக்கிட்டாங்களே. நீ பயப்படவே வேணாம்."

போனை வைத்ததும் வெர்லின் ஆர்லிஸிடம் சொன்னார்: "ரோடு நல்லா இருக்காம். ரெண்டு லாரி சரளையக் கொண்டாந்து கொட்டினா ஜனங்க நல்ல ரோடுன்னு சொல்லிடுவாங்க. அதப் போட்டவனக் கேட்டாத்தான தெரியும்."

ஆர்லிஸ் அதைக் காதில் வாங்கவில்லை. "அவ மூச்ச கவனிச்சியா?" என்றாள். "ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல எவ்வளவு நேரம் எடுக்கறா."

அவர் கவனிக்கவில்லை. வார்த்தைகளைத்தான் கேட்டிருந்தார்.

பார்சல் வந்தது. வெர்லின் புஷ்களை ஒவ்வொன்றாக அடித்து ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து இடத்துக்காரர் க்ளீட் மடக்கு நாற்காலியும் பீர் டப்பாவுமாக வந்து உட்கார்ந்தார். ஓக்லஹோமாவில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கையை அழுக்காக்காமல் பக்கத்தில் இருந்து வேலை வாங்குவதில் அவருக்குத் தனி சுகம்.

"என்னப்பா, வண்டிக்கு அடியில தூங்குறியா, வேல செய்யறியா? வெளிய தெரியற ரெண்டு காலும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே."

"புஷ் மாத்தறேன்."

"வெறும் புஷ்ஷா? அந்த நடுக்கட்டையப் பாத்தியா?" முன் ஸ்பிரிங்குக்கும் பின் ஸ்பிரிங்குக்கும் நடுவே தராசு மாதிரி ஆடுகிற இரும்பைத்தான் அவர் சொன்னார். "இப்ப ரப்பர் வச்சு வருதுப்பா. பள்ளத்துல விழுந்தா அடியை ரப்பர் வாங்கிக்கும், உன் பொண்டாட்டியோட பீங்கான் வாங்காது. திறந்தது திறந்தாச்சு, அதையும் போட்டுடு."

திறந்தது திறந்தாச்சு. பூங்காவில் இந்த வார்த்தையைச் சொல்லாத ஆண் கிடையாது. தண்ணீர்க் குழாயில் ஒரு வாஷர் மாற்றப் போனவர் இதைச் சொல்லிக்கொண்டே குளியலறைத் தரையைப் பெயர்த்திருக்கிறார். சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்றுகூடும் மனைவிமார்களுக்கு இது பேசிச் சிரிக்கிற விஷயம்.

அன்று மாலை வெண்கலப் புஷ்ஷும் தடித்த தகடுகளும் ஏறிவிட்டன. சக்கரத்தை மாட்டினால் வீடு ஓடும். வெர்லின் கையைத் துடைத்துக்கொண்டு ஆர்லிஸிடம் ரப்பர் கட்டை விஷயத்தைச் சொன்னார்.

"இப்ப இருக்கறது ஓடாதா?"

"ஓடும்."

"அப்பறம் என்ன வெர்லின்?"

"ஓடறதுங்கறது வேற, உங்க அக்கா வாசல் வரைக்கும் ஓடறதுங்கறது வேற. வாக்கு குடுத்திருக்கேன்ல?"

அக்கா ஆசைப்பட்டது அவளுக்கும் தெரியும். ஐடெல்லாவுக்கென்று பூப்போட்ட புதுப் போர்வை ஒன்று வாங்கி, உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாள்.

ரப்பர் கட்டை வந்தது. அதை மாட்டும்போது ஸ்பிரிங்குகளே களைத்துப் போய் வளைவு தட்டையாகிவிட்டது தெரிந்தது. புதுப் பட்டை செட் வரவழைத்தார். கடைக்காரர்கள் அகலம் குறைந்ததை அனுப்பிவிட்டார்கள். திருப்பி அனுப்பி, மறுபடி வரும்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. அந்த நாட்களில் வீடு முட்டுகளின் மேல் நின்றது. ஆர்லிஸ் உள்ளே நாலு அடி வைத்தால் மொத்த வீடும் லேசாக ஆடும், அடியிலிருந்து வெர்லின் கத்துவார்: "நடக்காத! நடக்காத!" அவள் அப்படியே நிற்பாள். பிறகு மெல்ல இறங்கி வந்து, வெளியே நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்வாள்.

ஒரு நாள் போனை முடித்துவிட்டு அவள் எழுந்து வந்து, வண்டியின் பக்கவாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"வெர்லின், வெளிய வா. உங்கிட்ட பேசணும்."

"சொல்லு, கேக்குது."

"உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

அவர் நகர்ந்து வெளியே தலையை நீட்டினார். நெற்றியில் கிரீஸ் கோடு.

"பிக்கப் சும்மாதான நிக்குது? அத எடுத்துட்டு நாளைக்குக் கிளம்பிடலாம். வழியில மோட்டல்ல படுத்துக்கலாம். வீடு இங்கயே இருக்கட்டும்."

"இப்படி ஜாக்கி மேலயா? ஏப்ரல் காத்து எப்படி அடிக்கும்னு உனக்குத் தெரியாதா? முட்டு ஒண்ணு நழுவினாப் போதும், வீடே போயிடும்."

"அப்ப நான் மட்டும் பிளேன்ல போறேன். டூசான்ல ஏறினா..."

"அங்க ஏர்போர்ட்டுக்கு யாரு வருவா உன்னக் கூட்டிட்டுப் போக? இன்னும் கொஞ்ச நாள் ஆர்லிஸ். ஸ்பிரிங் வந்துடுச்சுன்னா ரெண்டு நாள் வேலை. அவளும் வீட்டத்தான கேக்கறா? வெறுங்கையோட போய் நின்னா அவளுக்கு ஏமாத்தமா இருக்காதா?"

ஆர்லிஸ் அவர் முகத்தையே பார்த்தாள். "அவ கேக்கறது வீட்டயா?" என்றாள்.

அதற்கு வெர்லின் பதில் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவர் போனைக் கேட்டு வாங்கி ஐடெல்லாவுக்கே போட்டார். இவள் பயப்படுகிறாள், நீயே சொல்லு என்கிற மாதிரி.

"என்ன வெர்லின்," என்றாள் ஐடெல்லா, "இன்னும் வீட்டுக்கு அடியிலதான் குடித்தனமா? மேல் வீடு ஆர்லிஸுக்கு, கீழ் வீடு உனக்கா?"

"ஸ்பிரிங்குக்காகக் காத்திருக்கேன். தப்பா அனுப்பிட்டான்."

"நிதானமா செய்யி." ஒரு இடைவெளி. "அவசரப்பட்டு வழியில எங்கயாவது கவுந்து கெடக்காதீங்க." இன்னொரு இடைவெளி. "நான் எங்க போகப் போறேன்?"

வெர்லின் ஆர்லிஸைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கேட்டாயா, அவளே சொல்லிவிட்டாள் என்பதுதான் அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம். ஆர்லிஸ் போனை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நடந்தாள். அதன் பிறகு பிக்கப்பைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. அவள் சமாதானமாகிவிட்டாள் என்று வெர்லின் நினைத்துக்கொண்டார்.

ஸ்பிரிங் வந்தது. மாட்டினார். க்ளீட் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தபின் ஷாக் அப்சார்பர் இல்லாமல் விடுவதா என்றார். அதற்குச் சட்டத்தில் தாங்கி வைத்துப் பற்றவைக்கவேண்டும். பற்றவைக்கிறவர் வேறு ஊர் வேலையில் இருந்தார். அவர் வந்தார், பற்றவைத்தார், வர்ணம் அடித்தார், காய்ந்தது. வெர்லின் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கு அளக்கிற ஸ்பேனரால் இறுக்கி, நகர்ந்தால் தெரியும்படி வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டார். பிறகு வீட்டைக் கொக்கியில் மாட்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கினார். வீடு பஞ்சில் வைத்த மாதிரி வந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சாமான்கூட இடம் மாறியிருக்கவில்லை. அவர் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையையும் செய்ததில்லை.

"நாளைக்குக் காலையில" என்றார் ஆர்லிஸிடம்.

"இன்னிக்கே போனா என்ன?"

"இன்னிக்குச் சாயங்காலம் நம்மள வழியனுப்ப எல்லாரும் ஆளுக்கொண்ணு சமைச்சு எடுத்துட்டு வராங்களே. மத்தியானத்துக்கு மேல கிளம்பி எவ்வளவு தூரம் போயிடப் போறோம்?"

அவள் உருளைக்கிழங்கு சாலட் செய்யப் போனாள்.

மாலையில் பூங்காவின் நடுக்கொட்டகையில் நாற்காலிகளைப் போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். க்ளீட் பீர் டப்பாவைத் தூக்கினார். "அரிசோனாவிலேயே குலுங்காத வீடு! உள்ள இருக்கற ரெண்டு பேரும் சண்ட போட்டாலொழிய அது ஆடாது. அம்மணி, நீங்க போற வழியில கேக் சுட்டுக்கிட்டே போகலாம்." எல்லாரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தார். அப்போது ஆர்லிஸின் சட்டைப் பையில் போன் அடித்தது. பேசியது மேவிஸ், ஐடெல்லாவின் பக்கத்துப் பண்ணைக்காரி.

ஆர்லிஸ் கொட்டகைக்கு வெளியே போகக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே கேட்டாள். "எப்ப?" என்றாள். "யாரு இருந்தாங்க பக்கத்துல?" என்றாள். பிறகு, "சரி மேவிஸ், நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்து, கையிலிருந்த சாலட் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் துடைத்துக் கீழே வைத்தாள். அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கொட்டகை தானாக அடங்கியது.

வெர்லின் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார்.

"இப்பவே கிளம்பிடலாம்" என்றார். "வீடு இருக்கட்டும். பிக்கப்ப மட்டும் எடுத்துக்கலாம். ராத்திரியெல்லாம் ஓட்டறேன்."

ஆர்லிஸ் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"இப்ப எதுக்கு வெர்லின் அவசரம்?" என்றாள். "வீட்டோடயே போலாம்."

மூன்று நாளும் அவர் ஓட்டினார். யூட்டாவில் பள்ளங்கள், மாண்டானா எல்லையில் பாலத்து இணைப்புகள். முன்பெல்லாம் ஒவ்வொன்றும் முதுகில் குத்தி, பின்னால் அலமாரிகள் கடகடக்கும். இப்போது ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தம் இருந்திருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. இருவரும் பேசாமல் இருப்பது இவ்வளவு தெரிந்திருக்காது. வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஆர்லிஸ் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எல்லாம் இருந்த இடத்துல இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

தார் ரோட்டை விட்டு இறங்கும் திருப்பத்தில் வெர்லின் வேகத்தைக் குறைத்தார். கைகள் பழக்கத்தில் இறுகின. ஆனால் வண்டி இறங்கியது அவர் நினைத்த ரோட்டில் இல்லை. நடுவில் மேடாக, இரண்டு பக்கமும் சரிவாக, ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, உருளை போட்டு இறுக்கி, மட்டம் பிடித்துச் செய்த வேலை. வரி இல்லை, பள்ளம் இல்லை. இவ்வளவு நல்ல சரளை ரோட்டை அவரே போட்டதில்லை. அந்தப் பழைய ஸ்பிரிங்கோடு, வெறும் வெண்கலப் புஷ்ஷும் தகடும் போட்ட அன்று மாலையே கிளம்பி வந்திருந்தாலும் ஒரு கப்பும் ஆடியிருக்காது. அவர் அதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. அவருக்கே தெரிந்தது.

ஆர்லிஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

முற்றத்தில் மேவிஸ் காத்திருந்தாள். வீட்டைப் பின்னுக்கு எடுத்து, ஜன்னல் வயலைப் பார்க்க நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். எங்கே நிற்கவேண்டும் என்று ஐடெல்லா புல்லில் இரண்டு முளைக்குச்சி அடித்து வைக்கச் சொல்லியிருந்தாளாம். கோதுமை அப்போதுதான் முளை விட்டிருந்தது.

"ரோடு எப்ப போட்டாங்க?" என்று வெர்லின் கேட்டார்.

"போன வருஷம். ஐடெல்லாதான். கவுன்ட்டி ஆபீசுக்கு வாரா வாரம் போன் பண்ணி அவனுங்கள உட்காரவிடல. என் தங்கச்சி வீடு வரணும், ரோட்டப் போடுன்னு. கடைசியில அவ தொல்ல தாங்காமத்தான் போட்டானுங்க." மேவிஸ் மூக்கை உறிஞ்சினாள். "உங்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா" என்றார் வெர்லின்.

அடக்கம் முடிந்தது. சர்ச்சின் அடித்தளத்து அறையில் ஹாம் வைத்த பன்னும் காப்பியும் இனிப்புத் துண்டுகளும் சாப்பிட்டுவிட்டு, பெண்கள் ஏழெட்டுப் பேர் கார்களில் பண்ணைக்கே வந்துவிட்டார்கள். வீடு வரும், வந்தால் எல்லாரும் வந்து பார்க்கவேண்டும் என்று ஐடெல்லா ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லி வைத்திருந்தாளாம். அவள் சொன்னதைத் தட்ட அவர்களுக்கு மனமில்லை.

வெர்லின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வயதானவர்களுக்குப் படியேறக் கை கொடுத்தார். அவர்கள் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். அலமாரிகளைத் திறந்து பார்த்தார்கள். அடுப்பின் மேல் மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிசா, இவ்வளவு சுத்தமா என்றார்கள்.

"ஓடறப்ப உள்ள இருக்கறதெல்லாம் உடையாதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உடையாது" என்றாள் ஆர்லிஸ். அவள் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "அடியில எல்லாத்தையும் புதுசா மாத்தியிருக்கார். அவரே செஞ்சது."

"கெட்டிக்காரர்தான்" என்று அந்தப் பெண் வெர்லினைப் பார்த்துச் சிரித்தாள். பெருமையில்தான் ஆர்லிஸ் அப்படிச் சொன்னாளா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேவிஸ் பின்பக்கம் போனாள். அங்கே சோபா விரித்தபடி இருந்தது. மேலே மடிப்புக் கோடு போகாத பூப்போட்ட போர்வை. அதை ஆர்லிஸ் எப்போது பிரித்து விரித்தாள் என்று வெர்லினுக்குத் தெரியாது.

"இதுலதான் ஐடெல்லாவப் படுக்க வைக்கறதா இருந்தீங்களா?"

"ஆமா" என்றாள் ஆர்லிஸ். "உட்காந்து பாரு மேவிஸ். அங்கேருந்து வயல் முழுக்கத் தெரியும்."

மேவிஸ் தயங்கி, பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள்.

"தெரியுது" என்றாள்.

படிக்கட்டில் இன்னும் இரண்டு பேர் ஏறக் காத்திருந்தார்கள். வெர்லின் குனிந்து கையை நீட்டினார்.